ஒரு நாள் எங்கள் கடை ஸ்டூலில் உட்காருங்கள்: அரசு இணையதளங்களையும் செயலிகளையும் வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

அரசுச் சேவைகளுக்கான இணையதளங்களையும் செயலிகளையும் திட்டமிட்டு, வரைந்து, எழுதித் தருகிற உங்களுக்கும், அந்த வேலையை உங்களிடம் ஒப்படைக்கிற அதிகாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்து 14 வருஷம் ஆகிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அந்த ஸ்டூல்களில் வந்து உட்காருகிறவர்களைப் பற்றித்தான் இந்த மடல். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் என்று காலை பத்து மணிக்குள் ஆள் சேர்ந்துவிடும். உங்கள் திட்ட அறிக்கைகளில் ‘பயனர்’ என்று ஒருவர் வருவாரே, அவரை நான் தினமும் பார்க்கிறேன். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

எந்தத் துறையின் எந்தத் தளம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் விஷயம் அந்த ஒரு தளத்தோடு முடிந்துவிடும். நான் சொல்கிற குறைகள் அநேகமாக நான் திறக்கிற எல்லாத் தளங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன.

போன ஐப்பசியில், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு பாட்டி வந்தார். உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும். ஆதாரோடு சேர்த்திருக்கும் போன் நம்பர் அவருடைய மகனுடையது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். படிவம் முழுக்க நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ஓடிபி கேட்டது. மகனுக்குப் போன் போட்டோம். ஷிப்டில் இருந்தவர் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். அதற்குள் ‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்று சொல்லி, பக்கம் ஆரம்பத்துக்கே போய்விட்டது. நிரப்பியதில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. மறுபடியும் நிரப்பினோம். இந்தத் தடவை ஓடிபி போனது, ஆனால் மகன் சொல்லத் தயங்கினார். ‘இதை யாரிடமும் பகிர வேண்டாம்’ என்று அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. அவர் தயங்கியது நியாயம்தானே? அம்மாவின் குரலைக் கேட்ட பிறகுதான் சொன்னார். நான் ஆறு எண்களையும் தட்டி முடிப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. “நாளைக்கு வாரேன் தாயி” என்று பாட்டி எழுந்து போனார். அன்றைய நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். மறுநாளும் விட வேண்டும்.

இதில் எங்கே தப்பு நடந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஓடிபியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் பெயரில் இன்னொருவர் மனுப் போடாமல் காப்பது அவசியம். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு போன், அந்தப் போன் எப்போதும் அவர் கையில் என்று யாரோ நினைத்துக்கொண்டு அந்தப் படிவத்தைத் திட்டமிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு போன் ஒரு வீட்டுக்கே பொது. பகலில் அது வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். இது தெரிந்திருந்தால் ஓடிபியைக் கடைசியில் வைத்திருக்க மாட்டார்கள், முதலிலேயே கேட்டிருப்பார்கள். நிரப்பியதை அப்படியே சேமித்து வைத்து, ஒரு மனு எண்ணைக் கொடுத்து, ‘மீதியை ஏழு நாளுக்குள் முடித்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருப்பார்கள்.

அதைவிட என்னை வருத்துவது ஒன்று உண்டு. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று ஒரு பக்கம் ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். இன்னொரு பக்கம், அடுத்தவரிடம் சொன்னால்தான் வேலை நடக்கும் என்கிற மாதிரி படிவத்தைக் கட்டிவைத்திருக்கிறோம். எனக்குச் சொல்லிப் பழகிய பாட்டி நாளைக்கு பேங்கில் இருந்து பேசுவதாகச் சொல்கிற திருடனுக்கும் சொல்லுவார். உதவிக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருப்பார் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு அதற்கு ஒரு வழி வையுங்கள். ‘உங்கள் அம்மாவுக்காக இந்தக் கடையில் இந்த மனு நிரப்பப்படுகிறது, சம்மதம் என்றால் 1 என்று பதில் அனுப்புங்கள்’ என்று மகனுக்கு ஒரு செய்தி போனால் போதாதா? என் நம்பரும் அந்த மனுவில் பதிவாகட்டும். நான் தப்புச் செய்தால் என்னைப் பிடிக்கலாம். இரகசிய எண் ஒன்றை வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவையும் இருக்காது.

இந்தக் காலாவதி விஷயத்துக்கு உலக அளவில் விதியே இருக்கிறது என்று சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தங்கை மகன் காட்டினான். இணையத்தின் பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டி அது. நேரம் முடியப் போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்து, ஒரு பட்டனைத் தட்டி நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியாவது தர வேண்டும் என்கிறது. 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு இன்னொன்றும் சொல்கிறது: ஒரே வேலைக்குள் ஒரு தடவை கொடுத்த தகவலை மறுபடி தட்டச் சொல்லக் கூடாது. நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, தொடர்பு முகவரி என்று ஒரே தெருப்பெயரை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டுகிறேன் தெரியுமா?

அடுத்தது பெயர். இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும். முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம். கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் வேறு. எங்கள் மக்களுக்குக் கடைசிப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், அப்புறம் பெயர். அவ்வளவுதான். நட்சத்திரத்துக்குப் பயந்து சிலர் அப்பா பெயரை அங்கே போடுகிறார்கள், சிலர் இனிஷியலை, சிலர் ஒரு புள்ளியை. இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் ஏற்காத தளங்களும் உண்டு. ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, டி.சி.யில் ஒரு மாதிரி என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து ‘பெயர் பொருந்தவில்லை’ என்று மனு ரிஜெக்ட் ஆகும்போது, அந்த நட்சத்திரத்தைப் போட்டவர் அங்கே இருப்பதில்லை. பிரிட்டன் அரசு 2012இல் தன் துறைகளின் தளங்களையெல்லாம் ஒரே தளத்தின் கீழ் கொண்டுவரத் தொடங்கியது. பெயரை முடிந்தவரை ஒரே கட்டத்தில் கேளுங்கள் என்பது அவர்கள் தங்கள் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்லும் அறிவுரை. குடும்பப் பெயர் உள்ள நாட்டிலேயே அப்படி. இல்லாத நாம் ஏன் மூன்று கட்டங்களைச் சுமக்க வேண்டும்?

தமிழில் பெயர் எழுதும் கட்டம் இன்னும் மோசம். மாரியம்மாள் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அதில் ஆறு எழுத்து. கம்ப்யூட்டர்கள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் துணைக்கால், மேல்விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கம்ப்யூட்டருக்கு அது 11. ஒவ்வொன்றும் சேமிப்பில் மூன்று பைட் இடம் பிடிக்கும், ஆக 33. பெயருக்கு 30 பைட் போதும் என்று, எழுத்துக்கு ஒரு பைட் என்ற ஆங்கிலக் கணக்கில் அளந்து வைத்து, மிஞ்சியதை வெட்டிவிடும் கட்டத்தில் அந்தப் பெயரைப் போட்டால் கடைசிப் புள்ளி விழுந்துபோய் ‘மாரியம்மாள’ என்று நிற்கும். புள்ளிதானே என்று விடலாம். ரேஷன் கார்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் விடாது. இன்னொரு தளம் தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவற்றைத் தவறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ‘அ முதல் ஹ வரை உள்ள எழுத்துகளை மட்டும் ஏற்றுக்கொள்’ என்று நிரலில் எழுதியிருப்பார்கள் என்று தங்கை மகன் ஊகித்தான். பார்வைக்குச் சரியாகத் தெரிகிற வரம்புதான். ஆனால் யூனிகோடு வரிசையில் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் ஹவுக்குப் பின்னால் வருகின்றன. அந்த விதிப்படி ‘கமல’ செல்லும், ‘கமலம்’ செல்லாது. சோதித்துப் பார்த்தவர் ஒரே ஒரு தமிழ்ப் பெயரை, தன் சொந்த அம்மாவின் பெயரை, தட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தளத்தில் எழுதியிருக்கும் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல தமிழ் வேண்டாம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மொழி மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் பதிவு செய், பதிவேற்று, பதிவிறக்கு என்று மூன்று பட்டன்கள் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் ‘பதிவு’ வரைக்கும்தான் படிப்பார். ‘போட்டோவை இங்கே சேர்க்கவும்’, ‘சான்றிதழை எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. ‘சமர்ப்பி’க்குப் பக்கத்தில் ‘மீட்டமை’ என்று ஒன்று வைக்கிறீர்களே, அதை எதற்கு வைத்தீர்கள்? போன பணத்தை மீட்டுத் தருவதுபோல ஏதோ நல்ல காரியம் என்று நினைத்து ஒரு அண்ணாச்சி அதை அமுக்கினார். இரண்டு பக்கம் நிரப்பியது ஒரு நொடியில் துடைத்துப் போட்டாற்போல ஆகிவிட்டது. அந்தப் பட்டனை எடுத்துவிடுங்கள். 14 வருஷத்தில் அதைத் தெரிந்தே அமுக்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

பிழை வந்தால் ‘செல்லாத உள்ளீடு’ என்று மட்டும் போடுவதும் அப்படித்தான். எந்தக் கட்டத்தில் பிழை, என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லுங்கள். ‘ரேஷன் கார்டு எண்ணில் ஒரு எண் குறைகிறது’ என்றால் பத்து வயதுப் பேத்திகூடத் திருத்திக் கொடுத்துவிடுவாள்.

பிறந்த தேதிக்கு ஒரு காலண்டர் திறக்கும். இந்த மாதத்தில்தான் திறக்கும். 72 வயதுக்காரர் பின்னோக்கிப் போக அந்தச் சின்ன அம்புக்குறியை 864 தடவை தொட வேண்டும். நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டம் வைத்தால் தட்டிவிட்டுப் போய்விடலாம். எங்கள் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த வருஷமே குத்துமதிப்புதான். வருஷம் மட்டும் அச்சிட்ட ஆதார் அட்டைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் படிவம் நாளையும் மாதத்தையும் விடாது. அப்போது நான் என்ன செய்வது? ஜனவரி 1 என்று ஒரு பொய்யைத் தட்டிவிடுகிறேன். அரசின் கணக்கில் எத்தனை ஆயிரம் பேர் ஜனவரி 1இல் பிறந்திருக்கிறார்களோ. உண்மை சொல்ல இடம் தராத படிவத்தில் பொய்தான் சேரும்.

போட்டோ 50 கேபிக்குள், பிடிஎஃப் 200 கேபிக்குள் என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடலாம். படத்தைச் சிறிதாக்கும் வேலையை உலாவியே செய்துகொள்ளும். ஜனங்களைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தும் வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று முன்னே சொன்ன டபிள்யூசிஏஜி வழிகாட்டி சொல்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கிறவர் வெயிலில் நின்று படிக்கிற திரை அது. பட்டனையும் பெரிதாக வையுங்கள். தொடுகிற இடம் 48 டிபி, அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டியே சொல்கிறது.

விரல் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். இலையும் தூளும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்த விரல்கள் அவை. கைரேகை வைக்கச் சொன்னால் மெஷின் ஐந்தாறு தடவை திருப்பி அனுப்பும். அப்போது அவர்கள் முகத்தில் வரும் கூச்சத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தாங்கள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். இதைவிடப் பெரிய கொடுமைக்கு ஆளானவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்களிடம், உயிரோடு இருப்பதைக் காட்டக் கண் சிமிட்டச் சொன்னது, பேங்க் போன்ற இடங்களில் ஆளைச் சரிபார்க்கும் கேஒய்சி முறை. 2025 ஏப்ரல் 30இல் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. பார்வையற்றவர்களும் முகம் சிதைந்தவர்களும் பயன்படுத்தக்கூடிய மாற்று வழிகளை வைக்கச் சொல்லி 20 உத்தரவுகளும் போட்டது. அரசுத் தளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டி 2009 முதலே இருக்கிறது; 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு செயலிகளுக்கும் பொருந்தும். ஆக, விதி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. நான் கேட்பது தயவு இல்லை, உரிமை.

இதெல்லாம் முடியாத காரியம் என்று நினைக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வடிவமைப்பதில் இந்த நாட்டுக்கு எழுபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உண்டு. 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். பெயரைப் படிக்க வேண்டாம், சின்னம் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும். இன்றைய ஓட்டு மெஷினையும் பாருங்கள். சின்னத்துக்கு நேராக ஒரு நீலப் பட்டன். அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிகிறது, பீப் என்று நீளமாகச் சத்தம் வருகிறது, பக்கத்துப் பெட்டியில் சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரிகிறது. விளக்கு கண்ணுக்கு, சத்தம் காதுக்கு, சீட்டு மனசுக்கு. நம் ஓட்டு விழுந்துவிட்டது என்று நிம்மதியாக வெளியே வருகிறோம். உங்கள் தளத்தில் சப்மிட் அமுக்கியதும் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. மனு போய்விட்டதா? மறுபடி அமுக்கலாமா? அமுக்கினால் பணம் இரண்டு தடவை போகுமா? எனக்கே கை நடுங்கும்.

கடைத்தெருவிலும் பாடம் இருக்கிறது. பூக்கட்டும் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி ‘ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று தமிழில் சொன்னதும் பூவை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சமையல் கேஸ் சிலிண்டருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் பதிவாகிவிடுகிறது. லாகின் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, கேப்சா இல்லை. பதிவு செய்த நம்பரே ஆளைச் சொல்லிவிடுகிறது. இவற்றை யோசித்தவர்கள் இந்த ஜனங்களைக் கூர்ந்து பார்த்தவர்கள். செயலி வேண்டாத இடத்தில் செயலி போடாமல் விடுவதும் வடிவமைப்புதான். 16 ஜிபி போனில் பேரன் போட்டோவை அழித்துவிட்டுத்தான் உங்கள் செயலிக்கு இடம் கொடுக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. டெண்டரில் எத்தனை பக்கம், எத்தனை படிவம், எந்தத் தேதிக்குள் என்று எழுதுகிறீர்கள். முடிந்ததும் குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறார்கள், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த அறையில் இருந்த யாரும் அந்தப் படிவத்தை நிரப்பப் போவதில்லை. அதற்குப் பதிலாக டெண்டரிலேயே ஒரு வரி சேருங்கள்: இந்தச் சேவையை உண்மையில் வாங்கப்போகும் ஐந்து பேர், யாருடைய உதவியும் இல்லாமல், தங்கள் போனிலேயே மனுப்போட்டு முடித்தால்தான் கடைசித் தவணை. ஐந்து பேர் போதுமா என்றால் போதும். இந்தத் துறையில் பேர்பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். நிரல் எழுதுவதற்கு முன்னாலேயே பார்க்கலாம். காகிதத்தில் கட்டம் போட்டு, ‘இப்ப எதைத் தொடுவீங்க பாட்டி?’ என்று கேட்டால் போதும். காகிதத்தைத் திருத்த ஒரு ரப்பர் போதும். வெளியிட்ட பிறகு திருத்த எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து என்று உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் சரியானால் உங்கள் கடைக்கு யார் வருவார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒரு மனுவுக்கு 60 ரூபாய் வாங்குகிறேன், உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டியிடம் இரண்டாம் நாள் அதை வாங்க எனக்கு மனசு வரவில்லை. ஜெராக்ஸும் லேமினேஷனும் இருக்கிறது, நான் பிழைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் வாருங்கள். லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு நிபந்தனை உண்டு: நாள் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது, மவுஸைத் தொடவும் கூடாது. ‘அது அங்கேதானே இருக்கு’ என்று சொல்ல நாக்குத் துடிக்கும். அப்போது சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை கூட்டம் அதிகம். ஜமாபந்தி சமயத்திலும், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் முதல் வாரத்திலும் நிற்க இடம் இருக்காது. அப்போது வந்தால் இன்னும் நல்லது. காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கிறேன். நாலு ஸ்டூலில் ஒன்றை உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடை அக்கா,
தென்காசி மாவட்டம்.